ஆறு தோட்டா

7 ஆகஸ்ட் 1961

பதினோரு நாளாக மழை விடவில்லை. காலையில் டிரையர் விசிறியின் பெல்ட் அறுந்து தேயிலை ஃபாக்டரி நின்றது. அதைத் தைத்துக்கொண்டிருக்கும்போது ஆறாம் நம்பர் காட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கொழுந்து பறிக்கப் போன பாக்கியத்தை ஒற்றைக்கொம்பன் யானை அடித்துக் கொன்றுவிட்டதாம். போன மாதம் காவல்காரன் வேலாண்டி, இப்போது பாக்கியம். ஃபாக்டரி டிராக்டரில்தான் அவளை ஏற்றி வந்தார்கள். பெல்ட்டைத் தைத்து முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். பாதியில் விட்டுப் போயிருக்கலாம்.

வீட்டில் சொர்ணபாய் இன்று அடுப்பு மூட்டவில்லை. அவளும் பாக்கியமும் பன்னிரண்டு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

11 ஆகஸ்ட்

யானையைச் சுடக் கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் சுட வேண்டும். அதற்கு மேல் உத்தரவு செல்லாது.

மாலையில் பெள்ளியப்பா துரை பட்டறைக்கு வந்தார். குடகுக்காரர். வெள்ளைக்காரர்கள் போன பிறகு எங்கள் ஒத்தமலை எஸ்டேட்டுக்கு வந்த மானேஜர். நீளமான தோல் உறை ஒன்றை என் மேசைமேல் வைத்து அவிழ்த்தார். அவருடைய அப்பாவின் ரைஃபிள். குழல் வாயில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

“இதுக்குத் தோட்டா செஞ்ச கம்பெனி மூடி இருபது வருஷம் ஆச்சு, மாணிக்கம். வீட்டுல கிடந்த கடைசி நாலையும் நேத்து சுட்டுப் பாத்தேன். ஒண்ணுகூட வெடிக்கலை.”

பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், இருபத்தாறு. பழைய வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போனவை. வேறு ஏதோ பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரியவை.

“இதை அறுத்துக் குட்டையாக்கி, கழுத்தை ஒடுக்கி, என் ரைஃபிளுக்கு ஒரு தோட்டா செய்ய முடியுமா?”

ஒரு கூட்டை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். நல்ல கனமான பித்தளை. பதினாறு வருஷமாக இந்தப் பட்டறையில் நான் அறுந்ததைத் தைத்து, உடைந்ததை ஒட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“முடியும் தொரை” என்றேன்.

19 ஆகஸ்ட்

கூட்டை ஒடுக்க எஃகில் ஓர் அச்சு கடைந்தேன். முதல் மூன்று கூடுகளும் கழுத்தில் கீறிப் போயின. பித்தளையை அடித்து அடித்து ஒடுக்கினால் அது விறைத்துக்கொள்கிறது. கழுத்தை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகுகிறது. நாலாவது கூடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அச்சில் சிக்காமல் இறங்க விளக்கெண்ணெய் தடவுகிறேன். அப்புறம் சலவைச் சோடாவில் அலசி, டிரையர் பக்கத்தில் காயவைக்கிறேன். இந்த மழையில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை.

ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையையும் புதுக் கூட்டுக்குத் தக்கபடி கையாலேயே கடைந்து அகலமாக்கினேன். ஒரு மயிரிழை கூடினாலும் போச்சு. மைக்ரோமீட்டரை அன்றைக்கு மட்டும் நூறு தடவை வைத்துப் பார்த்திருப்பேன்.

கம்பெனி எதுவும் செய்யாத, அவரவர் பட்டறையில் உருவாக்குகிற தோட்டாக்களுக்கு வெளிநாட்டில் ‘காட்டுப்பூனை’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறதாம். துரை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சொர்ணபாய் தனியாகப் போய் வந்தாள்.

“பாதிரியார் ஒங்கள எங்கன்னு கேட்டாவ.”

“என்ன சொன்னே?”

“பட்டறையில கும்பிட்டுக்கிட்டு இருக்காவன்னு சொன்னேன்.”

29 ஆகஸ்ட்

குண்டுகளை வெண்கலக் கம்பியில் கடைகிறேன். பழைய பம்பின் அச்சுத்தண்டு அது. ஈயக் குண்டு யானையின் மண்டையெலும்பில் பட்டுப் பூவாக விரிந்துவிடுமாம். வெண்கலம் விரியாது, நேரே போகும் என்கிறார் துரை. மருந்தும், கூட்டின் அடியில் பொறி வைக்கும் கேப்புகளும் துரை கொண்டுவந்தார். மருந்தை நிறுக்க வால்பாறை பஜாரில் ஆசாரியிடம் நகைத் தராசு வாங்கி வந்திருக்கிறேன். குண்டுக்குக் குண்டு எடையில் ஒரு குன்றிமணிகூட வித்தியாசம் இல்லை.

சொர்ணபாய்க்கு இருமல். கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. தகரம் மாற்ற வேண்டும்.

3 செப்டம்பர்

மழை ஓய்ந்தது. பழைய நர்சரிக்குப் பின்னால், மேட்டின் அடியில் முதல் தடவையாகச் சுட்டுப் பார்த்தோம். தேயிலைப் பெட்டிப் பலகைகளை நனைத்து ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தேன். துரை தோளில் வைத்துச் சுட்டார். இரண்டடி பின்னால் தள்ளிவிட்டது அவரை. எழுபத்தொரு பலகையைத் துளைத்துவிட்டு எழுபத்திரண்டாவதில் நின்றது குண்டு. முனை மழுங்கவே இல்லை.

அறுபது கஜத்தில் கைக்குட்டை அகலத்துக்குள் மூன்று குண்டும் விழுந்தன. நூறு கஜத்தில் நாலு விரற்கடை இறங்குகிறது. “நூறு கஜத்துல யாரு ஆனையச் சுடப் போறா? இருபது கஜந்தான்” என்றார் துரை. கூடு உப்பவில்லை, கீறவில்லை, இலகுவாக வெளியே வந்தது.

வழிகாட்டி சடையனும் வந்திருந்தான். மேல்காட்டில் இருக்கும் காடர் குடியிருப்பைச் சேர்ந்தவன். யானை போன தடத்தில் கிடக்கும் ஓலையைப் பார்த்து, அது போய் எவ்வளவு நேரமாச்சு, பசியா கோபமா என்று சொல்லுவான். பலகைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்துவிட்டு, “இம்புட்டுப் பலகை ஆனைக்குள்ள கிடையாது” என்றான்.

திரும்பும்போது துரை என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “இந்த மாதிரித் தோட்டாவுக்கு செஞ்சவன் பேரைத்தான் வைக்கிறது வழக்கம். இது மாணிக்கம் தோட்டா.”

என் முழுப்பெயர் வேதமாணிக்கம். எஸ்டேட்டில் என்னை ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

10 செப்டம்பர்

பத்து தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டுச் சோதித்தோம். ரைஃபிளைப் பலகையில் இறுக்கிக் கட்டி, கயிற்றால் விசையை இழுத்தேன். துரை எதிர்மேட்டில் பள்ளத்துக்குள் இருந்துகொண்டு குண்டு எங்கே படுகிறது என்று குறித்தார். பத்தும் நல்ல இடத்தில் பட்டன. எட்டாவது மட்டும் கொஞ்சம் இழுத்தது.

துரைக்கு ரொம்பச் சந்தோஷம்.

12 செப்டம்பர்

ஒற்றைக்கொம்பன் மூன்று நாளாக ஈட்டா மூங்கில் அடர்ந்த ஓடைப் பக்கம் நிற்கிறது என்று சடையன் வந்து சொன்னான். துரை பட்டறைக்கு வந்தார்.

“மூணாறுல என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கம்பெனித் தோட்டாவோட நல்ல துப்பாக்கி இருக்கு. சொல்லி அனுப்பினா ஒரு வாரத்துல வந்துடுவான். ஆனா ஆனை அதுவரைக்கும் நிக்குமான்னு தெரியலை. உன்கிட்ட எத்தனை தயார்?”

“எத்தனை வேணும் தொரை?”

“மூணு உள்ள போகும். மறுபடி நிரப்ப மூணு. ஆறு இருந்தா நாமளே போகலாம். இல்லைன்னா மூணாறுக்கு ஆள் அனுப்பறேன்.”

“வெள்ளிக்கிழமைக்குத் தர்றேன்” என்றேன்.

14 செப்டம்பர்

கூடுகளை மறுபடியும் சோடாவில் அலசினேன். வெயிலே இல்லை. நாலு கூடு எனக்கு முழுத் திருப்தி. ஆறு கேட்டார். ஆறு கொடுத்தேன்.

15 செப்டம்பர்

சடையன் செத்துப்போனான்.

17 செப்டம்பர்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம். துரை, சடையன், நான். ஓடைக்கு மேலே ரோடு முடிகிற இடத்தில் என்னை ஜீப்போடு நிறுத்திவிட்டு அவர்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வெடி கேட்டது. உடனே யானையின் பிளிறல். கிளைகள் முறியும் சத்தம். அப்புறம் இரண்டு வெடி, அடுத்தடுத்து. நான் கையில் வெட்டுக்கத்தியோடு இறங்கி ஓடினேன். துரை ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார். சடையன் ஈட்டாப் புதரில் கிடந்தான். அவனை நான் வர்ணிக்கப் போவதில்லை.

துரை ஜீப்பில் வரும்போது சொன்னது இது. யானை பதினெட்டு கஜத்தில், பக்கவாட்டில் நின்றது. காற்று அவர்கள் பக்கம் அடித்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. காதுக்கு முன்னால் குறி வைத்து விசையை அழுத்தினார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. கெட்டுப்போன தோட்டா என்று நினைத்து ரைஃபிளைக் கொஞ்சம் தாழ்த்தினார். அப்போது வெடித்தது. குண்டு தாடையில் பட்டது. யானை திரும்பியது. சத்தம் வந்த இடத்தை அது பார்க்கவில்லை. வழியில் நின்றது சடையன். அடுத்த இரண்டு தோட்டாவும் உடனே வெடித்தன. ஓடுகிற யானையின் பின்புறத்தில்தான் பட்டிருக்க வேண்டும்.

“டிக்குன்னதுக்கும் வெடிச்சதுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடற நேரம், மாணிக்கம்” என்றார்.

எண்ணெய்ப் பிசுக்கு தங்கிய கூட்டில் கேப் நமத்துப்போனால் அப்படி ஆகும்.

18 செப்டம்பர்

சடையனைக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். துரை போனார். நான் கொழுந்து அரைக்கும் ரோலரில் பேரிங் மாற்ற வேண்டியிருந்ததால் போகவில்லை. பேரிங் மாற்றுவதை மறுநாளும் செய்திருக்கலாம்.

24 செப்டம்பர்

ஒன்பதாம் நாள், யானை மூன்று மைல் தள்ளி ஒரு குட்டைக்குள் செத்துக் கிடந்தது. தாடை அழுகி, தண்ணீரைக்கூட வாயில் வாங்க முடியாமல் நின்று நின்று விழுந்திருக்கிறது. தும்பிக்கையால் அள்ளிய தண்ணீரெல்லாம் கரையில் சேறாகிக் கிடந்தது. அது எத்தனை பேரைக் கொன்றிருந்தாலும் இப்படிச் சாக வேண்டியதில்லை.

கொம்பை எடுக்க வந்தவர்கள் தாடையிலிருந்த குண்டை வெட்டி எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் நசுங்கவில்லை. வளையவில்லை. குண்டின் கணக்கு, மருந்தின் கணக்கு, இறக்கத்தின் கணக்கு எல்லாம் சரி.

ஆறாம் நம்பர் காட்டில் பெண்கள் மறுபடியும் கொழுந்து எடுக்கப் போகிறார்கள். பாக்கியத்தின் புருஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

3 அக்டோபர்

விசாரணைக்கு வந்த அதிகாரி பங்களாவில் உட்கார்ந்து எல்லோரையும் கேட்டார். தோட்டா எங்கே வாங்கியது என்று அவர் கேட்பார், நான் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். உரிமம் இல்லாமல் பட்டறையில் தோட்டா செய்தால் ஜெயில். துரை என்னைப் பேசவே விடவில்லை.

“தோட்டா பழசு. எங்கப்பாவோடது. அதுல கோளாறு இல்லை. என் கை நடுங்கிடுச்சு” என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எஸ்டேட் முழுக்க இப்போது அதே பேச்சு. தொரை குடித்துவிட்டுப் போனார், தொரைக்குப் பயம், குடகுக்காரன் என்று பெயர்தான் பெரிசு. நாற்பது யானையைக் கிட்டத்தில் பார்த்தவர் அவர். தோட்டா பிந்தி வெடித்தது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்காகச் சொன்னார்.

பேச்சு காதில் விழாதபடி, நான் ரோலர் சத்தம் போடுகிற பக்கமாகவே நாள் முழுவதும் நின்றேன்.

14 அக்டோபர்

கம்பெனியின் அறிக்கை வந்தது. கிளார்க் படித்துக் காட்டினார். மானேஜரின் குறி தவறியதும், வழிகாட்டி எச்சரிக்கையில்லாமல் யானையின் பாதையில் நகர்ந்ததும் விபத்துக்குக் காரணம் என்று இருக்கிறது. இனி காட்டு வேலைக்கு அந்தக் குடும்பத்து ஆட்களைக் கூப்பிட வேண்டாம் என்றும் ஒரு வரி.

சடையன் நகரவில்லை என்று துரை அவர்களிடம் சொல்லியிருக்கிறார். குறி தவறிய மானேஜரின் பேச்சை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

22 அக்டோபர்

துரை ராஜினாமா செய்துவிட்டார். இன்று கிளம்பினார். சாமான்களைக் கட்ட நான்தான் போனேன். ரைஃபிளைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டாராம். லாரியில் கடைசிப் பெட்டியை ஏற்றிய பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சோதனை பண்ணும்போது எப்பவாவது இப்படி ஆச்சா?”

“இல்லை தொரை.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி. அப்போ யாரும் என்ன பண்ண முடியும்” என்று சொல்லிக் கை கொடுத்தார். பதினாறு வருஷத்தில் எந்த மானேஜரும் எனக்குக் கை கொடுத்ததில்லை.

23 அக்டோபர்

செப்டம்பர் பத்தாம் தேதி நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். ‘எட்டாவது மட்டும் கொஞ்சம் இழுத்தது’ என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் இல்லை. கயிற்றை இழுத்தேன், டிக் என்றது, நான் தலையைத் தூக்கினேன், அப்போது வெடித்தது. துரை எதிர்மேட்டில் இருந்ததால் அவருக்கு வெடி மட்டும்தான் கேட்டிருக்கும். பக்கத்தில் இருந்தது சடையன். அவன் சிரித்தான்.

“இது என்ன ஃபிட்டரே, யோசிச்சிட்டு வெடிக்குது?”

“கயிறு தளர்ந்துபோச்சு” என்றேன்.

கயிறு தளரவில்லை.

9 நவம்பர்

வடகிழக்கு மழை. பாய்லர் குழாயில் கசிவு. சொர்ணபாய்க்கு இருமல் நின்றுவிட்டது. கூரைத் தகரம் மாற்றியாயிற்று.

புது மானேஜர் வந்திருக்கிறார். என்னை ஃபிட்டர் என்று கூப்பிடுகிறார். அதுதான் எனக்கும் வசதி.

26 நவம்பர், ஞாயிறு

சடையனின் தம்பி மாரி ஃபாக்டரிக்கு வந்தான். மேல்காட்டில் எல்லைக்கல் அளக்கும் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவனை, வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

“ஒங்கண்ணன் ஆனைக்குக் குறுக்க போயி விழுந்தான். ஒங்கள நம்பி அளக்கற ஐயாவ அனுப்ப முடியுமா?”

மாரி தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே நடந்தான். பட்டறை ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வர இருபதடி தூரம்.

சாயங்காலம் சொர்ணபாய் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசமா நீங்க தட்டுல பாதிச் சோத்த வச்சிட்டு எந்திரிக்கீய. என்ன ஏதுன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லுவீய, அப்புறம் நானும் சேந்து சுமக்கணும். அதுக்குப் பயந்துதான் கேக்கல.”

“இப்போ கேக்கியா?”

“கேக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாவது தோட்டாவை, நாலு கூட்டை, துரைக்குச் சொன்ன பொய்யை. ஒன்றைத் தவிர. அவள் எழுந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“நாலு இருக்குன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“மூணாறுக்கு ஆள் போயிருக்கும். நம்ம தோட்டா பெட்டியிலேயே இருந்திருக்கும்.”

“அம்புட்டுத்தானா?” என்றாள்.

2 டிசம்பர்

துரைக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு, ஐந்தாவதை அனுப்பினேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய், சோதனையிலேயே அப்படி ஆனது, எனக்குத் தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதியதைக் கடைசியில் எடுத்துவிட்டேன்.

11 டிசம்பர்

பதில் இல்லை.

19 டிசம்பர்

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சொர்ணபாய் முறுக்கு சுடுகிறாள்.

28 டிசம்பர்

துரையிடமிருந்து கார்டு வந்தது. திட்டியிருப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே வரி:

‘கடிதம் கிடைத்தது. செல்லியிடம் சொல்லிவிட்டாயா?’

செல்லி சடையனின் மனைவி.

31 டிசம்பர்

வருஷக் கடைசி ஆராதனை. கோயிலில் எல்லோரும் முழங்காலில் நின்று வருஷத்துப் பாவங்களை அறிக்கையிட்டார்கள். நான் சொர்ணபாயிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

யானையைச் சுடப் போன அன்று காலை ஜீப்பிலிருந்து இறங்கும்போது துரை முன்னால் போய்விட்டார். சடையன் என் பக்கத்தில் நின்று, மறுபடி நிரப்ப நான் துணிப்பையில் வைத்திருந்த மூன்று தோட்டாக்களை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

“ஃபிட்டரே, யோசிக்கிற குண்டு இதுல இல்லையே?” என்று கேட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “இருந்தாச் சொல்லு. நான் தொரைய இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன். ஆனை எங்கயும் போகாது.”

“இல்லை” என்றேன். “போ.”

அவன் போனான்.

7 ஜனவரி 1962, ஞாயிறு

காலையில் மேல்காட்டுக் குடியிருப்புக்கு நடந்து போனேன். ஐந்து மைல். போகும் வழியெல்லாம் அட்டை. முன்தினமே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் வழியில் எங்காவது வளைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வீடுகள். செல்லி வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். என்னைவிட வயது குறைந்தவள். ஃபாக்டரி ஃபிட்டர் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“ஆனைக்குக் குறுக்க போனாருன்னு சொல்லத்தானே? எல்லாரும் சொல்லிட்டாங்க.”

“அதில்லை.”

தாளைப் பிரித்து வாசித்தேன். தாளை வேலிக்கம்பின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தோட்டாவைச் செய்தது நான். அதில் கோளாறு இருப்பது எனக்கு முன்பே தெரியும். நாலுதான் நல்லது என்று தெரிந்தும் ஆறு கொடுத்தேன். சடையன் யானையின் பாதையில் நகரவில்லை. யானை விழ வேண்டிய இடத்தில் விழாமல் திரும்பியதற்கு என் தோட்டா காரணம். கிளம்புமுன் அவர் என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

முடித்ததும் தாளை மடித்தேன். செல்லி கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை என்மேல் வீசினால் விலகக் கூடாது என்று நின்றேன்.

“கேட்டாரா?” என்றாள்.

“கேட்டார்.”

“என்னன்னு கேட்டாரு?”

அவர் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். யோசிக்கிற குண்டு இதுல இல்லையே. இருந்தாச் சொல்லு. இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்.

அவள் வாய் கோணியது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நாலு மாசமா இந்தக் காட்டுல ஒருத்தரும் அவரு பேர சொல்றதில்ல. ஆனையோட மூச்சு தெரியாதவன்னு ஆயிப்போச்சு அவரு. எம் மச்சினன் வெளிய போனா தலையத் தொங்கப் போட்டுட்டு வர்றான்.” பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒரு கிழவரும் வந்தார்கள்.

“வாசிங்க” என்றாள்.

வாசித்தேன். கிழவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அடுத்து ஓடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

“வாசிங்க.”

அவர்களுக்கும் வாசித்தேன். விறகோடு இரண்டு பேர் வந்தார்கள். கிழங்கு தோண்டப் போனவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது செல்லி கையைத் தூக்கி என்னை நிறுத்தி, “கேட்டீங்களா, அவரு கேட்டிருக்காரு” என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம், “மேல வாசிங்க” என்றாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. என் தப்பு அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. என்மேல் கோபப்படக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. எட்டு தடவையாவது வாசித்திருப்பேன். தொண்டை கட்டிவிட்டது.

“இந்தத் தாளைக் கம்பெனிக்குக் கொடுக்கப் போறேன்” என்றேன். “போலீஸுக்கும். ஜெயில்னாலும் சரி.”

“அது ஒங்க பாடு” என்றாள். “மாரி தேனுக்குப் போயிருக்கான். சாயங்காலந்தான் வருவான். அவன் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போங்க.”

இருந்தேன். வேலியோரம், வெயிலில். நாலு மணிக்கு மேல் மாரி சரிவிலிருந்து இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் தலை குனிந்தது. ஃபாக்டரி ஆள் எதற்கு வந்திருக்கிறான், இன்னும் என்ன சொல்லப் போகிறான் என்று பயந்தவனைப் போல ஒதுங்கி நடந்தான். செல்லி எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து, என் முன்னால் நிறுத்தினாள்.

“தலையத் தூக்குடா” என்றாள் அவனிடம்.

அவன் தூக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, நான் தாளைப் பிரித்தேன்.